மூன்றாவது கருவியிலும் பூஜ்யம்

இன்வர்னெஸ் மருத்துவமனைக்கு வந்துசேர
டோர்மட்டுக்கு ஒரு கப்பல், ஒரு பேருந்து,
பிறகு மழையில் கால்மணி நடை.

அந்தக் கப்பலில்தான் வேலையும்.
அடித்தளத்தில் கார்களை வரிசைகட்டி நிறுத்துகிறவர்.
விடுப்பு நாளில் பயணச்சீட்டோடு ஏறியும்
பயணிகளோடு உட்காரத் தெரியாமல்
நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

பேச வாய் திறந்ததும்
இந்த மனிதர் ஏன் இவ்வளவு கிட்டே வருகிறார் என்று
நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்
செவிலி உனா.

படிவத்தில் எழுதினாள்:
ரோசேசியா. இரு கன்னம், மூக்கு, முகவாய்.
பத்தொன்பது ஆண்டுகள்.
தூண்டுபவை: கடற்காற்று, சூடான சூப், கோபம்.
மது?
கேட்டுத்தான் ஆகவேண்டும், கட்டம் இருக்கிறது.

"ஒரு சொட்டு இல்லை.
எழுதிவிட்டு அடியில் கோடும் போடுங்கள்."

துறைமுகத்தில் யாரோ புகார் சொல்லி
ஒருமுறை குழாயைக் கையில் கொடுத்தார்களாம்.
ஊதினார். பூஜ்யம்.
இன்னொரு தடவை. பூஜ்யம்.
கருவியில்தான் கோளாறு என்று
வேறு கருவி வரும்வரை
நாற்பது கார்கள் காத்திருந்தன,
நடுவில் ஒரு சவ வண்டி.
அதிலும் பூஜ்யம்.
"அப்போதுகூட அந்த ஆள்
எண்ணைப் பார்க்கவில்லை.
என் மூக்கைப் பார்த்தான்."

பனையடியில் பால் குடித்தவன் கதை,
பனையே முளைக்காத தீவில்.

கண்களின்மேல் இரண்டு உலோகக் கிண்ணம் கவிழ்த்தாள்.
முதலில் குளிர்ந்த மூச்சாய் ஒரு ஸ்ஸ்,
உடனே
இழுத்துவிட்ட ரப்பர்பேண்டாய் ஒரு டக்.
மஞ்சள் ஒளிக்குச் சிவப்பின்மேல் மட்டும்தான் பசி.
தோலைத் தொந்தரவு செய்யாமல் கடந்து
மயிரினும் மெல்லிய குழாயைத் தேடிப்பிடித்து
அதன் இரத்தத்தைச் சுட்டு
இமைக்கும் முன் அணைந்துவிடுகிறது.
சவரம் தப்பிய இரண்டு மயிர் பொசுங்கும் வாடை.
கிண்ணத்து இருட்டில் எண்ணிக்கொண்டே கிடந்தார்.
நூற்று நாற்பத்தியொன்று, என்றார் எழுந்ததும்,
கார்களை எண்ணிப் பழகிய வாய்.

"வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."
"பிப்ரவரியிலா? லூயிஸ் தீவிலா?
எங்கே அடிக்கிறதென்று சொல்லுங்கள்,
மனைவியையும் கூட்டிப்போகிறேன்."

வீங்கிய முகத்தில்
நாணயம் நாணயமாய் ஊதாத் தழும்பு.
அந்த ஞாயிறு தேவாலயத்தில்
பின் இருக்கை முணுமுணுத்தது:
இப்போது சண்டையும் போடுகிறான் போல.
இஷ்பெல் திரும்பவில்லை.
பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை மட்டும்
கிழியும் வேகத்தில் புரட்டினாள்.

இரண்டாவது அமர்வு. மூன்றாவது.
போகவே போகாது, அடங்கும் என்று
உனா முன்பே சொல்லியிருந்தாள்.
அடங்கியது.
மூக்கின் ஓரத்தில் மட்டும் ஒரு சிறு நூல் மிச்சம்.
அது இருக்கட்டும் என்றுவிட்டார்.
நான்காவதுக்கு வரவில்லை.

அக்டோபரில் அத்தையைப் பார்க்க
உனா தீவுக்குப் போனாள்.
கப்பலின் அடித்தளம், டீசல் புகை,
மஞ்சள் மேலங்கியில் வெளிறிய ஒருவர்
இன்னும், இன்னும், போதும் என்று கையசைத்தார்.
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.
பார்த்தது பூராவும் அந்தச் சிவப்பைத்தானே.

அவர் கண்ணாடியைத் தட்டினார்.
இறக்கினாள்.
கைத்தடையைப் போடுங்கள் என்று சொல்ல
கார் சன்னலுக்குள் பாதித் தலை நுழைகிறது,
அவ்வளவு கிட்டே.
புதினா மிட்டாய்கூடப் போட்டதில்லை இத்தனை வருடம்,
எதையோ மறைக்கிறான் என்பார்களே என்று.
ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால்
ஒரு முழு மூச்சை வெளியே விட்டு
முகர்ந்து பார்த்துக்கொள் என்பதுபோல்
சற்று நிற்கிறார்.

அப்போதுதான் தெரிந்தது அவளுக்கு, யாரென்று.

இம்முறை பின்னுக்கு நகரவில்லை.
தேநீர் வாசம்.
பால் கொஞ்சம் தூக்கல்.